உஷார்! கதவில் கிரைண்டரை வைப்பதற்கு முன்

கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப். சிமென்ட் தரையில் ஒரு குவியல் கிடந்தது. பின் சீட், கார்பெட், சுரண்டியெடுத்த சவுண்ட் டேம்பிங் ஷீட், ஸ்டெப்னி, ஜாக்கி, ஏர்பேக்கோடு கழற்றிய ஸ்டீயரிங், இரண்டு கதவுகளுக்குள்ளிருந்தும் கிரைண்டர் போட்டு அறுத்த இரும்புக் குழாய்கள். பக்கத்தில் கூடாக நின்றது ஒரு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு கதவு, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சொந்தக்காரத் தம்பிக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். "நூத்தி நாப்பது கிலோ இறக்கியாச்சுங்ணா. ஞாயித்துக்கெழம கோத்தகிரி ஏறப் போறோம்" என்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. மெக்கானிக்கும் அந்தத் தம்பியும் அந்தக் குவியலை வேண்டாத சுமையாகப் பார்த்தார்கள். நான் பார்த்தது வேறு. விபத்து நடக்கும் அந்த அரை நொடியில் ஒரு மனிதனைக் காப்பாற்ற வேண்டிய பாகங்களில் பாதி அங்கே தரையில் கிடந்தன.

எடையைக் குறைப்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. வேகம் கூட்டுவதற்கு அதைவிட நேர்மையான வழி இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,250 கிலோ கார், 180 குதிரைத்திறன் எஞ்சின். ஒரு டன்னுக்கு 144 குதிரைத்திறன் வருகிறது. எடை 1,110 கிலோ ஆனால் அதே எஞ்சின் டன்னுக்கு 162 கொடுக்கும். எஞ்சினில் கைவைத்து இதே பலனை எடுக்க வேண்டுமென்றால் 22 குதிரைத்திறனுக்கு மேல் கூட்ட வேண்டும். அதற்கு ஆகும் செலவு கொஞ்சநஞ்சமல்ல. எஞ்சினைக் கூட்டினால் நேர் ரோட்டில்தான் பலன். எடையைக் குறைத்தால் வளைவிலும் பிரேக்கிலும் டயர் தேய்மானத்திலும் பலன். இது அத்தனையும் உண்மை. ஆபத்து தொடங்கும் இடமும் இந்த உண்மைதான். எந்தக் கிலோவை இறக்குகிறோம் என்று கேட்கவே தோன்றாமல் போய்விடுகிறது.

இந்தக் கேள்வியைக் கேட்காததற்கு உலகத்தின் மிகச் சிறந்த பொறியாளர்களே விலை கொடுத்திருக்கிறார்கள். லோட்டஸ் கம்பெனியை உருவாக்கிய காலின் சாப்மனைப் போல எடைக் குறைப்பை ஒரு மதமாகவே கொண்டாடியவர் இல்லை. அவருடைய கார்கள் எதிராளிகளின் கார்களைவிட மெலிவாகவும் வேகமாகவும் இருந்தன. அடிக்கடி உடையவும் செய்தன. 1969 மே மாதம் பார்சிலோனாவின் மோன்ஜுயிக் தெருக்களில் நடந்த ஸ்பானிய கிராண்ட் பிரியில், கிரஹாம் ஹில், யோக்கன் ரிண்ட் இருவருடைய லோட்டஸிலும் உயரத்தில் மெல்லிய தண்டுகள் தாங்கி நின்ற இறக்கை ஒடிந்தது. முதலில் ஹில்லின் கார் தடுப்பில் மோதியது. பின்னால் வந்த ரிண்ட், அதே இடத்தருகே இறக்கை ஒடிந்து, நொறுங்கிக் கிடந்த ஹில்லின் காரிலேயே போய் இடித்தார். உயிர் தப்பியதே அதிசயம். அதற்குப் பிறகு ரிண்ட் சாப்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். மோட்டார் பந்தய வரலாற்றில் அதைவிடத் துயரமான கடிதம் எனக்குத் தெரிந்து இல்லை. உங்கள் கார்கள் ஏற்கெனவே போதுமான வேகம் உள்ளவை, பலவீனமான பாகங்களை உறுதியாக்கச் சில கிலோ சேர்த்தாலும் நாம் போட்டியில் இருப்போம் என்பதுதான் அதன் சாரம். சில கிலோ. ஓட்டுகிறவன் கேட்டது அவ்வளவுதான்.

பதினாறு மாதம் கழித்து, 1970 செப்டம்பர் 5. இத்தாலியில் மோன்சா. ரிண்ட் லோட்டஸ் 72 காரில் பயிற்சி ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தார். அந்தக் காரில் முன் பிரேக் சக்கரத்தில் இல்லை. சக்கரத்தின் எடையைக் குறைப்பதற்காக டிஸ்க்கைக் காரின் உடலுக்குள் நகர்த்தி, அங்கிருந்து சக்கரம் வரைக்கும் ஒரு தண்டு கொடுத்திருந்தார்கள். அந்தத் தண்டும் எடை குறைய வேண்டும் என்பதற்காக உள்ளீடற்ற குழாயாக இருந்தது. பாரபோலிகா வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கும்போது தண்டு உடைந்தது. கார் இடப்பக்கம் வெட்டித் திரும்பித் தடுப்பில் மோதியது. தடுப்பைச் சரியாக அமைக்காததும் அவர் சாவுக்குக் காரணம் என்று இத்தாலிய விசாரணை சொன்னது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்னொன்றும் உண்டு. தீப்பிடித்தால் சட்டென்று வெளியே குதிக்க வேண்டும் என்ற எண்ணத்தில், கால்களுக்கு இடையே வரும் பெல்ட்டை அவர் மாட்டுவதில்லை. மோதியபோது உடல் சீட்டில் கீழ்நோக்கி வழுக்கிப் போய், காக்க வேண்டிய பெல்ட்டே கழுத்தில் இறங்கியது. அந்த ஆண்டின் உலக சாம்பியன் பட்டம், இறந்துபோன ரிண்ட்டுக்குத்தான் போனது. அப்படிப் பட்டம் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர் மட்டுமே.

அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 1968இல் ஹோண்டா ஆர்.ஏ.302 என்ற காரைக் கட்டியது. உடற்கூடு மெக்னீசியம். அலுமினியத்தைவிட மூன்றில் ஒரு பங்கு எடை குறைவான உலோகம் அது. பற்றிக்கொண்டால் கண் கூசும் வெள்ளை வெளிச்சத்தோடு எரியும். தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் வாயு கிளம்பி இன்னும் மூர்க்கமாக எரியும். முன்னாள் உலக சாம்பியன் ஜான் சர்ட்டீஸ் அந்தக் காரைச் சோதித்துவிட்டு, இது பாதுகாப்பானது இல்லை, ஓட்டமாட்டேன் என்று மறுத்துவிட்டார். அதையும் மீறி ஜூலை 7 அன்று பிரான்ஸில் ருவான் நகரப் பந்தயத்தில் அந்தக் கார் இறங்கியது. ஓட்டியவர் ஜோ ஷ்லெசர், நாற்பது வயது பிரெஞ்சுக்காரர். மழை. டேங்க் நிறையப் பெட்ரோல். இரண்டு சுற்று முடிந்து மூன்றாவது சுற்றில் கார் மண்மேட்டில் மோதித் தீப்பிடித்தது. மெக்னீசியமும் சேர்ந்து எரிந்தது. யாராலும் அவரை நெருங்க முடியவில்லை. ஓட்ட மறுத்த சர்ட்டீஸ், எடை கூடிய பழைய ஹோண்டாவில் அதே பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார்.

இது ஏதோ அருங்காட்சியகக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். பழைய மெக்னீசியம் வீல்களை இன்றைக்கும் தேடி வாங்கி, ஒர்க்‌ஷாப்பில் கடைசல் பிடிக்கிறார்கள், துளை போடுகிறார்கள். முழு வீல் அவ்வளவு எளிதில் பற்றாது. அதிலிருந்து உதிரும் சீவலும் தூளும் ஒரு தீப்பொறியில் பற்றும். அதற்குத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் கதை முடிந்தது. காய்ந்த மணலோ, உலோகத் தீக்கென்று இருக்கும் அணைப்பானோதான் கொட்ட வேண்டும்.

சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். போர்ஷே 917 காரின் அலுமினியக் குழாய்ச் சட்டம் வெறும் 42 கிலோ. கியர் கம்பியின் குமிழைக்கூட பால்சா மரத்தில் செய்தார்கள். ஆனால் அந்தச் சட்டத்தின் குழாய்களுக்குள் வாயுவை அழுத்தி நிரப்பி வைத்தார்கள். எங்காவது மயிரிழை விரிசல் விட்டால் அழுத்தம் இறங்கும், கேஜ் காட்டிக்கொடுக்கும். எடையை எடுத்த இடத்தில் கண்காணிப்பை வைத்தார்கள். தொழிற்சாலையும் சோதனைக்கூடமும் கையில் இருந்தவர்களே இவ்வளவு பயந்து செய்த வேலை இது. நம் ஒர்க்‌ஷாப்பில் இருப்பது ஒரு கிரைண்டர்.

இனி அந்தக் குவியலுக்கு வருகிறேன்.

முதலில் ஸ்டீயரிங். அதைக் குப்புறப் போட்டிருந்தார்கள். ஏர்பேக்குக்குள் இருப்பது வெடிமருந்து. ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்குள் பையை ஊதித் தள்ளும் விசை அதற்கு உண்டு. குப்புற வைத்த நிலையில் எங்கிருந்தாவது ஒரு மின்பொறி கிடைத்தால், பை தரையை உதைத்து மொத்த ஸ்டீயரிங்கும் மேலே பாயும். குனிந்திருப்பவன் முகத்தில் அடிக்கும். கழற்றிய ஏர்பேக்கின் மூடிப் பக்கம் எப்போதும் மேலே பார்த்திருக்க வேண்டும். வயரில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கவே கூடாது. பேட்டரியைக் கழற்றிய உடனேயும் கைவைக்கக் கூடாது, மின்சாரம் சில நிமிடங்களுக்கு உள்ளே தேங்கி நிற்கும். இழுத்துப் பிடிக்கும் வகை சீட் பெல்ட்டிலும் இதே மாதிரி வெடிமருந்து இருக்கிறது. இதெல்லாம் கழற்றும்போது உள்ள ஆபத்து. கழற்றிய பின் உள்ள ஆபத்து இன்னும் பெரியது. டேஷ்போர்டில் எரியும் ஏர்பேக் விளக்கை அணைக்க ஒரு ரெசிஸ்டரைச் செருகிவிடுகிறார்கள். காரின் கம்ப்யூட்டரும் ஏமாந்துபோகும், பின்னால் அந்தக் காரை வாங்குகிற குடும்பமும் ஏமாந்துபோகும். எடைக் குறைப்பு என்ற பெயரில் நடப்பதில் எனக்கு மிக அதிகக் கோபம் வருவது இதன்மேல்தான்.

கதவுக்குள்ளிருந்து அறுத்த குழாய்கள் அடுத்து. முன்பக்க மோதலில் உங்களுக்கும் எதிர்வண்டிக்கும் நடுவே பானெட், எஞ்சின், சட்டம் என்று ஒரு மீட்டருக்கும் மேல் இடம் இருக்கிறது. பக்கவாட்டில் இருப்பது ஒரு சாண், மிஞ்சிப்போனால் ஒன்றரைச் சாண். அந்த இடத்தில் நிற்கும் ஒரே எலும்பு இந்தக் குழாய். பந்தயக் காரில் இதை எடுக்கிறார்களே என்று கேட்பார்கள். எடுக்கிறார்கள், எடுத்த கையோடு கதவுக்குக் குறுக்கே ரோல் கேஜின் கனமான குழாயைப் பற்றவைக்கிறார்கள். நம் தம்பிகள் முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு ரோட்டுக்கு வருகிறார்கள்.

சரி, அப்படியானால் ரோல் கேஜ் போட்டுவிடலாமே? ரோட்டில் ஓடும் காரில் அதுவும் ஆபத்துதான். ஹெல்மெட் போடாத தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய். சின்ன மோதலில்கூட மண்டை போய் அதில்தான் அடிக்கும். பக்கெட் சீட்டும் நான்கு முனை ஹார்னஸும் மாட்டிக்கொண்டு, நடுப் பெல்ட் இல்லாமல் ஓட்டுகிறவர்கள் ரிண்ட்டுக்கு நடந்ததை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அதே வழுக்கல், அதே இறக்கம். தோள்பட்டைப் பெல்ட்டைப் பின் சீட்டின் தரைக் கொக்கியில் கட்டினால் இன்னொரு கேடு: மோதும்போது அது தோளைக் கீழ்நோக்கி இழுத்து முதுகெலும்பை நசுக்கும்.

பின் சீட்டில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். பல கார்களில் பெட்ரோல் டேங்க் அதன் அடியில்தான் இருக்கிறது. பம்ப்பைக் கழற்றுவதற்கான மூடி ஒரு மெல்லிய தகடு. சீட்டையும் கார்பெட்டையும் எடுத்துவிட்டால் உங்களுக்கும் டேங்க்குக்கும் நடுவே இருப்பது அந்தத் தகடு மட்டுமே. டிக்கியில் கிடக்கும் ஸ்பேனர் பெட்டி, பிரேக் அடித்தால் நேராக உங்கள் பிடரிக்கு வரும்.

டேம்பிங் ஷீட் சத்தத்தை மட்டும் அடக்குவதில்லை. எக்ஸாஸ்ட் போகும் பாதைக்கு மேல் வெப்பத்தையும் தடுக்கிறது. அதைச் சுரண்டிய இடத்தில் வயர்கள் வெறும் தகட்டு விளிம்பில் உரசி உரசித் தோல் கிழிந்து ஒருநாள் ஷார்ட் ஆகும். சுரண்டும் முறையிலும் எமன் இருக்கிறான். தார் கெட்டியாகித் தெறிக்க வேண்டுமென்று டிரை ஐஸைக் கொட்டுகிறார்கள். மைனஸ் 78 டிகிரி; தோலில் பட்டால் வெந்த மாதிரி ஆகிவிடும். அது கரைந்து தண்ணீராவதில்லை, கார்பன் டை ஆக்ஸைடாகப் பரவுகிறது. காற்றைவிடக் கனமான வாயு, தரையோடு தேங்கும். ஷட்டரை இறக்கிவிட்டு, காருக்குள் குனிந்து வேலை செய்கிறவருக்கு மூச்சு முட்டி மயக்கம் வரும், எழுந்து வெளியே வர முடியாமலும் போகலாம். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். தனியாளாக இந்த வேலையில் இறங்கவே கூடாது.

பிரேக் டிஸ்க்கில் ஓட்டை போடுவதையும், சின்ன டிஸ்க்குக்கு மாறுவதையும் இப்போது நிறையப் பார்க்கிறேன். டிஸ்க்கின் கனம் வீண் கனம் என்று யார் சொன்னது? வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் பாத்திரம் அது. 1,110 கிலோ கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிற்கும்போது வெளிவரும் வெப்பம், ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுபோகப் போதும். கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கும் டிஸ்க் சூடாகிறது, ஆறுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சிவக்கும், நாமே டிரில் போட்ட ஓட்டையின் விளிம்பிலிருந்து விரிசல் ஓடும், வெப்பம் பிரேக் ஆயிலுக்கு ஏறும். ஈரம் ஏறிய பழைய டாட் 4 ஆயில் 155 டிகிரியிலேயே கொதித்துவிடக்கூடும். கொதித்தால் பெடல் பஞ்சாக உள்ளே போகும்.

காரின் சமநிலையும் கெட்டுப்போகிறது. கழற்றுவதில் பெரும்பகுதி பின்பக்கத்துச் சாமான்கள்தான். பின் சக்கரங்களில் பாரம் குறைந்த பிறகும் பிரேக்கின் பங்கீடு பழையபடியே இருக்கும், ஸ்ப்ரிங்கும் பழைய பாரத்துக்கே இருக்கும். மழை ஈரத்தில் வளைவுக்குள் பிரேக் தொட்டால் வால் முன்னால் வந்துவிடும். ஏபிஎஸ் பெட்டியையும் சேர்த்துக் கழற்றியவர்களுக்குக் கைகொடுக்க எதுவுமே மிச்சமில்லை.

"எடை குறைஞ்சா மோதும்போது அடியும் குறையும்தானே?" என்று அந்தத் தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எடை கொஞ்சம் குறைந்தால் வேகம் கொஞ்சம் கூடும், அதற்காகத்தானே செய்கிறோம். மோதலின் ஆற்றலை வேகம் இருமடிப் பெருக்கத்தில் கூட்டுகிறது. 140 கிலோ குறைத்த கார் 110இல் வரும்போது, குறைக்காத அதே கார் 100இல் வருவதைவிட 7 சதவீதம் அதிக ஆற்றலோடு வருகிறது. எதிரே வருவது 25 டன் லாரி என்றால் நீங்கள் எவ்வளவு லேசோ, அவ்வளவு மோசமாக எறியப்படுவீர்கள்.

கிராம் கிராமாக எடையைச் சுரண்டும் ஃபார்முலா 1 என்ன செய்தது தெரியுமா? 2018இல் ஓட்டுநரின் தலைக்கு மேல் ஹேலோ என்ற டைட்டானியம் வளையத்தைக் கட்டாயமாக்கியது. 7 கிலோ. 10 கிலோவுக்குச் சுற்றுக்கு ஏறக்குறைய 0.3 நொடி போகும் என்பது அவர்கள் கணக்கு. அதைத் தெரிந்தேதான் ஏற்றினார்கள். ஓட்டுநர்கள் சிலர் எதிர்த்தார்கள். ரொமைன் குரோஜானும் அவர்களில் ஒருவர். 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் அவருடைய கார் இரும்புத் தடுப்பைக் கிழித்துக்கொண்டு போய் இரண்டாகப் பிளந்து தீக்கோளமானது. அரை நிமிடத்துக்கு நெருக்கமாக நெருப்புக்குள் இருந்துவிட்டுத் தன் காலாலேயே வெளியே வந்தார். தலையைத் தடுப்புக்குக் கொடுக்காமல் காத்தது அந்த 7 கிலோ. ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே தன் கருத்தை மாற்றிக்கொண்டதாகச் சொன்னார்.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டுமே. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவதும் இந்த மாற்றங்களைத்தான்.

வேகம் வேண்டுமா, தாராளமாக ஓட்டுங்கள். கோவையிலேயே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சென்னைக்கு இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கிறது. மாருதி 800 எஞ்சினை வைத்தே லேசான ஒற்றை சீட் பந்தயக் கார்களைக் கட்டிக் காட்டிய கரிவரதனின் ஊர் இது. டிராக்குக்கென்றே ஒரு காரை ஒதுக்கி, உறை சுற்றிய கேஜ், ஆறு முனை ஹார்னஸ், ஹெல்மெட், தீயணைப்பான் எல்லாம் போட்டு, பந்தய அதிகாரிகள் சோதித்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் உரியுங்கள். அந்தக் கார் டிரெய்லரில் போகட்டும், டிரெய்லரில் வரட்டும்.

ரோட்டுக் காரில் டிக்கியைக் காலி செய்யுங்கள். பாதி டேங்க் பெட்ரோலோடு ஓட்டுங்கள், 20 லிட்டர் குறைந்தால் 15 கிலோ போய்விடும். பணம் இருந்தால், பாரம் தாங்கும் அளவு பொறித்த ஒரிஜினல் ஃபோர்ஜ்டு வீல் போடுங்கள். முத்திரை இல்லாத மலிவு வீலைக் கண்ணால்கூடப் பார்க்காதீர்கள், பள்ளத்தில் இறங்கினால் பிஸ்கட்டாக உடையும். நல்ல டயரும் புது பிரேக் ஆயிலும் கொடுக்கும் பலனை 140 கிலோ கொடுக்காது.

அன்றைக்கு அந்தத் தம்பியிடம் இதில் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. மீதி பாதி இது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்து ஏர்பேக்கைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள், தம்பி. அறுத்த கதவுக் குழாயை வெல்டிங் வைத்து ஒட்டிவிடலாம் என்று மெக்கானிக் சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள். அது அதிவலுவான எஃகு, வெல்டிங் சூட்டில் பழைய வலு போய்விடும். இரண்டு கதவுகளையும் புதிதாக மாற்றுங்கள். மாற்றும் வரைக்கும் அந்தக் காரைக் கோத்தகிரிக்கு அல்ல, தெருமுனைக்குக்கூட எடுக்காதீர்கள்.